காய்ச்சல் காலத்துல ஒரு பல்கலைக்கழகம்

எங்க கான்சாபுரம் பக்கம், அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துல, கலைக் கல்லூரியில படிச்சா பட்டம் தர்றது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அது தொடங்கினது 1966லதான். அதுக்கு முன்னாடி மதுரையில படிச்சவங்களுக்கும் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்தான்.

1857ல லண்டன் மாதிரியில பிறந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முக்கிய வேலை, தேர்வு வச்சுப் பட்டம் கொடுக்கறது. பாடம் நடத்தறது கல்லூரிகளோட பொறுப்பு. இதை மாத்தணும்னு சொன்னது சாட்லர் குழு. 1917ல கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய வெள்ளைக்கார அரசு அமைச்ச குழு அது.

அந்தக் குழு வேலையில இருந்தப்போதான், 1918ல, இன்ஃப்ளூயன்சா வந்துச்சு. இந்தியாவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல, சில கணக்குப்படி 2 கோடி வரை செத்துப்போனாங்க. அறிக்கை வந்த 1919தான் ரவுலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் நடந்த வருஷம். அடுத்த வருஷமே ஒத்துழையாமை இயக்கம்; அரசுக் கல்லூரிய விட்டு வெளிய வாங்கன்னு காந்தி மாணவர்களைக் கூப்பிட்டார்.

குழு சொன்னது என்ன? பல்கலைக்கழகமே பாடம் நடத்தணும், ஆராய்ச்சி செய்யணும். இன்டர்மீடியட்டைப் பிரிச்சிடணும். டிகிரி 3 வருஷம். உயர்நிலைப் பள்ளியில பெரும்பாலான பாடம் தாய்மொழியில.

இங்கதான் அரசியல் உள்ள வருது. 1919 சட்டப்படி வந்த இரட்டை ஆட்சியில கல்வி, பொதுச் சுகாதாரம் ரெண்டும் இந்திய அமைச்சர்கள் கைக்கு வந்துச்சு. நிதி மட்டும் கவர்னர் பக்கமே நின்னுபோச்சு. ஆஸ்பத்திரிக்கும் பணம் வேணும், கல்லூரிக்கும் வேணும். பெட்டிச் சாவி மட்டும் கையில இல்ல.

இருந்தும் நீதிக்கட்சி ஆட்சியில, ஏ.பி. பாத்ரோ கல்வி அமைச்சரா இருந்தப்போ, 1923ல சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்துச்சு. பாடம் நடத்தறதும் ஆராய்ச்சியும் பல்கலைக்கழகத்தோட வேலையாச்சு. 1926ல ஆந்திரா, 1929ல அண்ணாமலைன்னு புதுப் பல்கலைக்கழகங்களும் வந்துச்சு.

ஆனா 3 வருஷ டிகிரிக்கு சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியதாச்சு. தமிழ்ல டிகிரி படிக்கறது 1960கள்லதான் பரவலாச்சு. நிர்வாகத்தை மாத்தறது சீக்கிரம் நடந்துச்சு. கிராமத்துப் பையனும் பொண்ணும் உள்ள வர வழி திறக்கத்தான் அரை நூற்றாண்டு ஆச்சுன்னு நான் நினைக்கிறேன்.

2020 ஜூலை 29, கொரோனா நடுவுல, புதிய கல்விக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. இப்போ பேச்சு 4 வருஷ டிகிரி பத்தி. எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் நான் கேக்கற கேள்வி ரெண்டுதான்: சாவி யார்கிட்ட இருக்கு? கதவு யாருக்குத் திறக்குது?