தேயிலை மண் தந்த நீலம்

பண்டாரவளையிலிருந்து தெமோதரை வரை பங்களா வாசல்களில் பந்து பந்தாகப் பூத்து நிற்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்து, இது நம் மலைக்கே உரிய செடி என்று நினைப்பவர்கள் உண்டு. செடி வந்தேறி. அதன் நீலம் மட்டும் இந்த மண் கொடுத்தது.

அதன் பிறந்த இடம் ஜப்பானின் கடலோரம். வெளிநாட்டவரை உள்ளே விடாமல் ஜப்பான் கதவடைத்திருந்த காலத்தில், நாகசாகித் துறைமுகத்தை ஒட்டிய தெஜிமா என்ற குட்டித் தீவில் ஒல்லாந்தக் கம்பெனிக்கு மட்டும் இடம் கிடைத்தது. 1775இல் அங்கே வைத்தியராகப் போனார் சுவீடன்காரரான கார்ல் பீட்டர் துன்பெர்க். வெளியே நடமாடத் தடை இருந்ததால், கம்பெனியின் ஆடுமாடுகளுக்கு வந்த தீவனக் கட்டுகளைக் கிளறிச் செடி பொறுக்கிய மனிதர் அவர். திரும்பும் வழியில் 1777இல் இலங்கைக்கு வந்து அடுத்த ஆண்டு பெப்ரவரி வரை தங்கினார். அப்போது இந்த மலைகளில் தேயிலையும் இல்லை, கோப்பித் தோட்டமும் இல்லை. நம் முப்பாட்டன்மாரும் வந்து சேரவில்லை. ஊர் போய் 1784இல் அவர் வெளியிட்ட ஜப்பானியத் தாவர நூலில்தான் இந்தச் செடி ஐரோப்பிய முறைப்படி பதிவானது. ஐந்து ஆண்டுகள் கழித்து, சீனா வழியாக, தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் உயிர்ச்செடியையே லண்டன் கியூ தோட்டத்துக்கு வரவழைத்தார்.

பின்னாளில் தெஜிமாவுக்கு வந்த இன்னொரு வைத்தியர் சீபோல்ட். 1829இல் நாடுகடத்தப்பட்ட அவர், தன் ஜப்பானிய மனைவி தாக்கியின் பெயரை ஒரு ஹைட்ரேஞ்சியாவுக்கு வைத்தார். ஹொஸ்டா என்ற இலையழகுச் செடியும் அவர் கையால் ஐரோப்பாவில் பரவியது. குளிர்நாட்டு நிழல் தோட்டங்களில் இன்று ஹொஸ்டாதான் ராஜா. ஆனால் உறைபனிக்குப் பக்கமான குளிரில் பல வாரம் உறங்கி எழுந்தால்தான் அதற்குத் தெம்பு. ஊவாவில் அந்த உறக்கம் கிடைக்காது. வருடா வருடம் சிறுத்துப்போகும். ஆசைப்பட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். ஹைட்ரேஞ்சியாவுக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை, இரவு குளிர்ந்தால் போதும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் செடியைக் கப்பலேற்றும் முறை வந்தபின் வெள்ளைக்காரன் கால்வைத்த மலைகளுக்கெல்லாம் குளிர்நாட்டுப் பூக்கள் வந்தன. 1861இல் சிங்கோனா மரத்துக்காகத் தொடங்கிய ஹக்கலைத் தோட்டம், 1884இல் பூந்தோட்டமானது. நுவரெலியாவிலும் ஊட்டியிலும் துரைமார் பங்களாக்கள் நீலமும் ரோஜா நிறமுமாயின. பங்களாவிலிருந்து தொழிலாளர் லயத்துக்குச் செடி போகக் கப்பல் தேவைப்படவில்லை. வெட்டிப்போட்ட ஒரு கிளை போதும்.

இனி மண்ணுக்கு வருவோம். தேயிலைக்கு அமில மண் வேண்டும். அமிலக் காரத்தன்மை அளவுகோலில் 4.5 முதல் 5.5 வரை. அந்த அமிலத்தில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைகிறது. தேயிலை அதை உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்த்து வைக்கும். ஹைட்ரேஞ்சியாவோ பூவுக்கு அனுப்புகிறது; அங்கே நிறமியோடு சேர்ந்து நீலமாகிறது. அமிலம் குறைந்தால் அலுமினியம் மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும், பூ இளஞ்சிவப்பாகும். அதனால் ஒரே தாய்ச்செடியின் கிளைகளில் ஒன்று தேயிலை மலையோரம் நீலமாகவும், மற்றொன்று சுண்ணாம்பு அடித்த லயத்துச் சுவரடியில் ரோஜா நிறமாகவும் பூக்கலாம். மழை கழுவும் சுண்ணாம்பு செய்யும் வேலை அது. நீலம் வேண்டுமானால் சுவரை விட்டுத் தள்ளி நடுங்கள், டொலமைட் போடாதீர்கள், பொஸ்பேட் உரத்தையும் குறையுங்கள். வெள்ளைப் பூ ரகம் எதற்கும் மசியாது.

தெமோதரை நுவரெலியா அல்ல. ரயில் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து சுற்றும் இந்த இடம் ஏறத்தாழ மூவாயிரம் அடிதான். எனவே காலை வெயில் பட்டு மத்தியானம் நிழல் விழும் குளிர்ந்த மூலையைத் தேட வேண்டும். பீலிக்கரை ஓரம் உத்தமம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றுதான் பெரிய எதிரி. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாங்கித் தரும் அதே காற்று இதன் அகன்ற இலைகளை மதியத்துக்குள் துவட்டிவிடும். அடியில் சருகு மூடாக்கும் மாலையில் தண்ணீரும் அவசியம்.

தோட்டத்துக் கைகள் செய்யும் பெரிய தவறு கவ்வாத்து. தேயிலையை வெட்டுவதுபோல் ஒரே மட்டமாக வெட்டினால் அடுத்த பருவத்துப் பூ போய்விடும். மொட்டு பழைய கிளை நுனியில்தான் கட்டுகிறது. வாடிய பூவை மட்டும் கிள்ளி, பூக்காத இளங்கிளையை நறுக்கி, தேயிலைக் கன்று போடும் அதே பக்குவத்தில் பையில் நட்டு நிழலில் வைத்தால் வேர்விடும்.

அடியில் வெறும் மண் தெரிய வேண்டாம். காசித்தும்பையின் ஆப்பிரிக்க உறவுக்காரி ஒருத்தி நிழலிலேயே பூப்பாள், காய் வெடித்துத் தானே முளைப்பாள். பெகோனியா, பன்னச் செடிகள் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஹொஸ்டாவின் இலையழகுக்கு ஏங்குபவர்களுக்குக் கலேடியம் இருக்கிறது. தென்னமெரிக்காக்காரர், வறட்சியில் கிழங்காகி ஒளிந்து மழையோடு எழுந்துவருவார். வெட்டிய கிளைகளைக் கால்நடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். 2008இல் ஜப்பானில் சாப்பாட்டுத் தட்டில் அலங்காரமாக வைத்த ஹைட்ரேஞ்சியா இலையைத் தின்றவர்கள் வாந்தியெடுத்தார்கள். இலையில் நஞ்சு உண்டு. ஆடு எட்டாத இடத்தில் நடுங்கள்.