நம் செய்தியை நாமே எழுதிய வரலாறு: ‘பறையன்’ இதழிலிருந்து நாகர்கோவிலுக்கு

நாகர்கோவிலுக்கென்று ஒரு செய்தித்தளம் தொடங்க வேண்டும், மக்களே செய்தி தர வேண்டும், மக்களே காசும் தர வேண்டும் என்ற பேச்சு நம் மாணவர் வட்டங்களில் அடிக்கடி எழுகிறது. எழுந்தவுடன் எந்த கேமரா வாங்கலாம், லோகோவை யார் வரைவது, யூடியூப்பா இணையதளமா என்ற விவாதத்தில் அது நின்றுவிடுகிறது. இவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியவை. முதலில் கேட்க வேண்டியது வேறு. பணமும் அதிகாரமும் இல்லாத ஒரு சமூகம் தன் செய்தியைத் தானே எழுதி, அதைப் பல ஆண்டுகள் விடாமல் நடத்தியது எப்படி? நம் முன்னோர் 130 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலையைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

தமிழகத்தில் தலித் இதழியல் 1869-ல் வெளிவந்த ‘சூரியோதயம்’ இதழிலிருந்து தொடங்குவதாக ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் காட்டியிருக்கிறார். அதற்குப் பின் ‘பஞ்சமன்’, ‘திராவிட பாண்டியன்’, ‘மகாவிகடதூதன்’ என்று வரிசை நீள்கிறது. அம்பேத்கர் மராத்தியில் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியது 1920 ஜனவரி 31-ல். அப்போது தமிழில் இந்த மரபுக்கு அரை நூற்றாண்டு வயது ஆகியிருந்தது. இது பாடப்புத்தகத்தில் இல்லை என்பதால் நமக்கு இல்லாமல் போய்விடாது.

பெயரையே கொடியாக்கியவர்

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். வசைச்சொல்லாக வீசப்பட்ட பெயரைத் தலைப்பில் அச்சடித்துக் கடைத்தெருவில் விற்றார். மாத இதழாக வந்தது விரைவிலேயே வார இதழானது. 1900 வரை, ஏழு ஆண்டுகள் ஓடியது.

அந்த இதழ் என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்படி நடந்தால் சாதி இந்துக்களே மாவட்ட ஆட்சியர்களாக வந்து உட்காருவார்கள், நம் மக்களுக்கு நியாயம் கிடைக்காது என்று சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் எதிர்த்தனர். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. அந்த நிலைப்பாடு சரியா தவறா என்று இன்று விவாதிக்கலாம். ஆனால் இதழ் தொடங்கிய அதே ஆண்டின் இறுதியில், எழுதப் படிக்கத் தடுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து 3,412 கையெழுத்துகள் திரண்டன என்பதைக் கவனியுங்கள். படிப்பவர்களைக் கையெழுத்திடுபவர்களாக, கூட்டத்துக்கு வருபவர்களாக மாற்றுவதை இதழும் சபையும் சேர்ந்து செய்தன.

ஒரு பைசாவின் பலம்

1907 ஜூன் 19-ல், இராயப்பேட்டையிலிருந்து, சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். நான்கு பக்கம், விலை ஒரு பைசா. ஓராண்டுக்குப் பின் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. 1914 மே மாதம் அவர் இறக்கும் வரை இதழ் வந்தது.

அயோத்திதாசரின் அறிவைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த இதழைத் தாங்கியவர்களைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூலி வேலைக்குப் போனவர்கள், சென்னையின் சிறு அலுவலர்கள் ஆகியோரே அதன் வாசகர்கள். அவர்கள் சந்தா அனுப்பினார்கள். தங்கள் ஊரில் நடந்ததை எழுதி அனுப்பினார்கள். சந்தேகங்களைக் கேள்விகளாக அனுப்பினார்கள், பண்டிதர் பதில் எழுதினார். இன்று நாம் ‘மக்கள் பங்கேற்பு’ என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுவது அந்த நான்கு பக்கத்தில் அன்றே இருந்தது.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, கணக்கெடுப்பாளர் வாசலில் வந்து நின்றால் பௌத்தர் என்று பதியச் சொல்லுங்கள் என்று ‘தமிழன்’ எழுதியது. பெரிய பத்திரிகைக்கு அது ஒரு அரசு அறிவிப்பு. நம் இதழுக்கு அது, நாம் யாரென்று அரசின் ஏட்டில் ஏறப்போகும் நாள். 2027 கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்பட இருக்கிறது. உங்கள் தெருவில் எந்தப் பெயரைப் பதிய வேண்டும், உட்பிரிவுப் பெயர்களால் என்ன குழப்பம் வரும் என்று இப்போதே எழுத வேண்டியவர்கள் யார்?

பண்டிதர் இறந்தபின்னும் இதழ் முழுதாகச் சாகவில்லை. 1926-ல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக, தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ மறுபடி வந்தது. எந்த ஊரின் வாசகர்கள் அதைத் தாங்கினார்களோ அந்த ஊரே அதை மீட்டெடுத்தது. பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்ததால்தான் ஞான. அலாய்சியஸ் 1999-ல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுப்பைப் பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவர முடிந்தது. எழுதியவர் ஒருவர், காசு கொடுத்தவர்கள் பலர், சேமித்து வைத்தவர்கள் சிலர். இந்த மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் நமக்கு ‘தமிழன்’ கிடைத்திருக்காது.

அச்சு இங்கே முன்பே வந்தது

நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். இங்கே சீர்திருத்தக் கிறிஸ்தவம் வந்த கதை மயிலாடியில் தொடங்குகிறது. தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய மகாராசன் வேதமாணிக்கம், ஒரு சாம்பவர். அவர் அழைப்பின் தொடர்ச்சியாகத்தான் ரிங்கல்தௌபே 1806-ல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதன்பின் வந்த சார்லஸ் மீட், 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் அச்சகம் நிறுவினார். திருவிதாங்கூரின் முதல் அச்சகம் என்று அதைச் சொல்வார்கள். நம்மில் ஒருவர் திறந்த வாசல் வழியாகத்தான் அச்சு இயந்திரம் இந்த மண்ணுக்குள் வந்தது.

ஆனால் அந்த இயந்திரம் நம் கைக்கு வரவில்லை. 1836 கணக்கின்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை 12,80,668. அதில் 1,64,864 பேர் அடிமைகள். புலையர், பறையர், குறவர் என்று நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். 1847-ல் மிஷனரிகள் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி அரசருக்கு மனு கொடுத்தார்கள். 1855-ல் ஒழிப்புப் பிரகடனம் வந்தது. மிஷனரிகள் நம்மைப் பற்றி அறிக்கை எழுதினார்கள், லண்டனுக்குக் கடிதம் எழுதினார்கள், சாமுவேல் மட்டீர் புத்தகமே எழுதினார். அவற்றுக்கு மதிப்பு உண்டு. அடிமைப்பட்டவரே எழுதிய ஒரு வரி அவற்றில் எங்கே இருக்கிறது என்று தேடினால் கை சலிக்கும். மீட்டின் கதையே இதற்குச் சாட்சி. அச்சகத்தை நிறுவிய அவர் 1852-ல் ஒரு சாம்பவப் பெண்ணைத் திருமணம் செய்தபோது மிஷன் வட்டாரமே அதை ஏற்கவில்லை. அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. அச்சகம் இருந்தால் மட்டும் போதாது, அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

திருவிதாங்கூரில் அந்தக் கேள்விக்கு விடை அய்யன்காளி வழியாக வந்தது. 1907-ல், ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அதே ஆண்டில், அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். 1910-களில் சங்கத்தின் இதழாக ‘சாதுஜன பரிபாலினி’ மலையாளத்தில் வந்தது. ஆசிரியர் காளிச்சோதி கருப்பன். எழுதப் படிக்கத் தெரியாத அய்யன்காளி, சங்கத்துக்கு ஓர் இதழ் வேண்டும் என்று உணர்ந்திருந்தார். பட்டம் வாங்கிய நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் வரலாறு வேறு, நம் செய்தியும் வேறு

உள்ளூர்த் தளம் எதற்கு, மாநில அளவில் தலித் ஊடகங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். பஞ்சமி நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சென்னை மாகாணத்தில் 1892-ஐ ஒட்டி வந்த ஏற்பாடு. அப்போது குமரி திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே பஞ்சமி நில மீட்பு பற்றிச் சென்னையிலிருந்து வரும் நூறு கட்டுரைகளும் நம் நிலப் பிரச்சினைக்கு அப்படியே பொருந்தாது. இங்கே கேட்க வேண்டியது, அய்யன்காளி கேட்ட புதுவல் நிலத்தின் கதையை. சானல்கரையிலும் புறம்போக்கிலும் வீடு கட்டியவர்களுக்குப் பட்டா எங்கே என்பதை. இந்தக் கேள்வியை இங்கே இருப்பவர்தான் கேட்பார்.

எண்ணிக்கையும் அப்படித்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 20 சதவீதம். குமரியில் சுமார் 4 சதவீதம். வாக்கு வங்கியாகவும் விளம்பரச் சந்தையாகவும் நாம் யார் கண்ணுக்கும் படமாட்டோம். அதே குமரியில் எழுத்தறிவு 90 சதவீதத்துக்கும் மேல். சிறிய சமூகம், படித்த மாவட்டம். விளம்பரத்தை நம்பி நடக்காத, வாசகரை நம்பி நடக்கக்கூடிய ஒரு தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

‘தினமலர்’ 1951 செப்டம்பர் 6-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. நிறுவனர் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தைச் சேர்ந்த டி.வி. ராமசுப்பையர். திருவிதாங்கூர்த் தமிழரின் குரலுக்கு ஒரு நாளிதழ் வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது. நம் குரலை எடுத்துச் சொல்லப் பத்திரிகை இல்லை, நாமே தொடங்குவோம் என்ற நியாயம் அன்று அவர்களுக்குப் பொருந்தியது என்றால் இன்று நமக்கும் பொருந்தும்.

செய்தி அறைகளில் நாம் இல்லை என்பது ஊகம் அல்ல. 1996-ல் பி.என். உனியால் டெல்லியில் அங்கீகாரம் பெற்ற 686 பத்திரிகையாளர்களிடையே ஒரு தலித்தைத் தேடினார். ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 23 ஆண்டுகள் கழித்து, 2019-ல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் ஆய்வு செய்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரும் இல்லை. வலம்புரிவிளைக் குப்பைக்கிடங்கு எரிந்தால் புகை செய்தியாகிறது. அந்தக் குப்பையைக் கையாளுபவரின் கூலியும் கையுறையும் இருமலும் செய்தியாவது அரிது. அதற்குக் காரணம் இந்த எண்களுக்குள் இருக்கிறது.

இன்று செய்து காட்டுபவர்கள்

2002-ல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட மாவட்டத்தில் தலித், ஆதிவாசி, முஸ்லிம் பெண்கள் சேர்ந்து ‘கபர் லஹரியா’ இதழைத் தொடங்கினார்கள். மொழி, அவர்கள் வீட்டில் பேசும் பந்தேலி. கிணறு, ரேஷன், சாலை, காவல்நிலையம் என்று எழுதினார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் இணையத்துக்கு வந்து, பிறகு முழுதும் டிஜிட்டல் ஆனார்கள். அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. உலகமே கைதட்டிக்கொண்டிருந்தபோது, படம் தங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டும் காட்டுகிறது, அது முழு உண்மை இல்லை என்று அவர்களே அறிக்கை விட்டார்கள். புகழ்ந்து சொல்லப்பட்ட கதையையும் மறுக்கும் துணிவு, சொந்தமாக ஒரு பத்திரிகை இருப்பவருக்கே வரும்.

நம் மாவட்டத்திலும் பாடம் இருக்கிறது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபின், காணாமல் போனவர்களின் எண்ணிக்கையில் அரசு ஒன்று சொல்ல, தூத்தூர் பகுதிக் கடற்கரை ஊர்கள் வேறு சொன்னன. மக்களும் பங்குகளும் வீடு வீடாகப் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். அந்தப் பட்டியலை முன்வைத்துத்தான் வாதாடினார்கள். இணையதளம் இல்லாமலே நடந்த செய்திப்பணி அது. பெயர், ஊர், தேதி என்று துல்லியமாக இருந்ததால் அதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

தொடங்குவோருக்கு

நாகர்கோவில் மாநகராட்சியில் 52 வார்டுகள். எல்லாவற்றையும் எழுத முடியாது. ஐந்து வார்டுகளில் வார்டுக்கு இருவர் போதும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பரபரப்பைத் துரத்தாதீர்கள், தேதி வைத்துத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூடியதா? கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படி ஒரு மரணம் நடந்தால் பணம் வந்து சேர்ந்ததா? இரண்டே கேள்விகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டால் அதுவே ஓர் இதழ்.

கேட்டதையெல்லாம் போடாதீர்கள். இருவரிடம் உறுதிசெய்யுங்கள், குற்றம் சாட்டப்பட்டவரிடமும் கேளுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரோ தெருவோ படமோ ஒருபோதும் வரக்கூடாது. நம் செய்தியில் ஒரு பிழை வந்தால் அதை வைத்து நூறு உண்மைகளைப் பொய் என்பார்கள். பணத்துக்கு, ஒரே பெரிய நன்கொடையாளரைத் தேடாதீர்கள். மாதம் பத்து ரூபாய் தரும் முந்நூறு பேரைத் தேடுங்கள். அவர்கள் பெயர்கள் உங்கள் ஏட்டில் இருக்கும்வரை எந்தக் கட்சியும் சபையும் உங்களை வாங்க முடியாது. வெளியிட்ட ஒவ்வொன்றையும் அச்செடுத்து ஒரு நூலகத்தில் சேருங்கள். யூடியூப் சேனல் ஒரே புகாரில் மறைந்துவிடும். காகிதம் தங்கவயலில் பல பத்தாண்டுகள் காத்திருந்தது.

மயிலாடிக்கு ஆலயம் வந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாகர்கோவிலுக்கு அச்சு வந்தும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகிறது. இயந்திரம் இப்போது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. முதல் இதழுக்கான ஐந்து வார்டுகளையும் பத்து பெயர்களையும் இந்த வாரமே ஒரு தாளில் எழுதுங்கள்.