அடுப்படியும் பள்ளி மணியும்

பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதியோர் பலர். சட்டம் பிறந்த ஆண்டு, கட்டடம் எழுந்த ஆண்டு, மானியம் தந்த மன்னர், தர மறுத்த துரை, எல்லாம் ஏட்டிலே உண்டு. ஏட்டிலே இடம்பெறாதவள் ஒருத்தி இருக்கிறாள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, மூத்தவனுக்குச் சட்டை தேடி, நடுவிலுள்ளவளுக்குத் தலைவாரி, கடைக்குட்டி அழுதால் இடுப்பிலே ஏற்றி, மூவரையும் வாயிற்படி தாண்ட வைத்துவிட்டு, அதன் பின்னரே தன் கூலிக்கு ஓடுகிறாளே, அந்தத் தாய்! அவளுடைய காலைப் பொழுதுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே சற்றுப் புரட்டிப் பார்க்க விழைகிறோம்.

விழைவைத் தூண்டியது நம் தவறொன்று. ஆசிரியப் பணியிலே நாம் அமர்ந்து சில ஆண்டுகளே ஆகின்றன. சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டமொன்று கூட்டினோம். வேலை நாள்; முற்பகல் பதினொரு மணி. வகுப்பிலே பிள்ளைகள் நாற்பது பேர். வந்த பெற்றோர் ஒன்பது பேர். "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று பதிவேட்டிலே எழுதிக் கையெழுத்தும் இட்டோம், மிடுக்கோடு! மறுநாள் ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: "அம்மா வந்தா அரைநாள் கூலி போயிடும், சார்." படித்துப் பட்டம் பெற்ற நமக்குப் புரியாதது பத்து வயதுச் சிறுமிக்குப் புரிந்திருந்தது.

அக்கறையில்லை! எவ்வளவு பழைய சொல் இது! ஏழையின் பிள்ளை பள்ளிக்கு வராத போதெல்லாம், வந்தவர்கள் வராதவர்களைப் பார்த்து வீசிய சொல்.

1822ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்று கணக்குக் கேட்டார். கணக்கு வந்து சேர்ந்தது. 1826ஆம் ஆண்டுக் குறிப்பிலே அவர் தொகுத்துச் சொன்னபடி மாகாணத்தில் பள்ளிகள் 12,498. மாணவர் ஏறத்தாழ 1,88,000. மக்கள் தொகையிலே 67 பேருக்கு ஒருவர். பெண் பிள்ளைகள் மிக மிகச் சிலர். கல்வி தாழ்ந்து கிடப்பதற்கு மக்களின் வறுமையும் ஒரு காரணம் என்று அந்த வெள்ளைக்காரர் எழுதினார். அக்கறையில்லை என்று எழுதிய நம்மை விட அவர் மேல் என்றே தோன்றுகிறது!

அன்றிருந்தவை திண்ணைப் பள்ளிகள். பிள்ளை விடியலிலேயே போய் மணலிலே விரல் பதிக்க வேண்டும். வாத்தியாருக்கு நெல், காய்கறி, வாவு நாளிலே காசு. அந்தத் திண்ணையிலே ஏற முடியாதவர் யார் யார் என்பதை இவ்விதழின் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஏற முடிந்தவர் வீட்டிலும் ஒரு கேள்வி இருந்தது. மாடு மேய்க்கும் பையன் பள்ளிக்குப் போனால் மாட்டை யார் ஓட்டுவது? கைக்குழந்தையைச் சுமக்கும் அக்காள் போனால் அந்தக் குழந்தை யார் இடுப்பிலே இருப்பது? தாய் களையெடுக்கப் போயிருக்கும் நண்பகலில், பசித்து வரும் பிள்ளைக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? பள்ளிக்குக் கட்டணமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் ஏழைத் தாய் இத்தனை கட்டணமும் கட்டியாக வேண்டும். நாணயமாக அல்ல, நாழிகையாக.

இந்த நாழிகைக் கணக்கை முதன்முதலாக அரசியல் மன்றத்திலே ஏற்றவர்கள் நம் முன்னோடிகளே என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு. 1920ஆம் ஆண்டு, நீதிக்கட்சித் தலைவர் சர். பிட்டி. தியாகராயர் சென்னை நகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்கத் தீர்மானம் நிறைவேறிற்று. செலவு, பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது. ஓரணா! அந்த ஓரணாவிலே ஒரு தாயின் நண்பகல் விடுதலை பெற்றது. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவிற்று. பரவியதைப் பொறுக்குமா வெள்ளை ஆட்சி? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்றது. 1925ஆம் ஆண்டு திட்டம் நின்றது. கல்விக்கும் சோற்றுக்கும் தொடர்பில்லை என்று கருதும் மூளைகளுக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை.

இனி 1953ஆம் ஆண்டுக்கு வருவோம். இங்கே சற்று நின்றுதான் போக வேண்டும்.

அன்று சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆச்சாரியார். திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் என்றொன்றைக் கொண்டு வந்தார். ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரமாயிற்று. பிள்ளைகளில் ஒரு பாதி காலையிலே வரும். மறு பாதி பிற்பகலிலே வரும். மிச்சப் பொழுதிலே மகன் தந்தையின் தொழிலைக் கற்க வேண்டும். மகள் தாயோடிருந்து வீட்டு வேலை கற்க வேண்டும். இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் பெயரிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது.

திட்டத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவோம். மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. பணமில்லை, கட்டடமில்லை, இருக்கும் ஆசிரியரைக் கொண்டே இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம், கைத்தொழிலின் மதிப்பையும் பிள்ளை உணரும் என்றார்கள். நன்று! அப்படியானால் நகரத்துப் பள்ளிகளை விட்டுவைத்தது ஏன்? வழக்கறிஞரின் மகன் பிற்பகலிலே தந்தையோடு நீதிமன்றம் போய்ச் சட்டம் பயிலட்டுமே! சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமா பெற்றோரே பேராசிரியர்?

அந்நாளிலே எழுந்த எதிர்ப்புரைகள் சாதியைச் சுட்டின. சுட்ட வேண்டியது அதுவே. எனினும் தாயின் வாயிற்படியிலே நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. திட்டம் தீட்டியவர் மனத்திலிருந்த வீடு எது? தந்தை திண்ணையிலே அமர்ந்து அமைதியாகத் தொழில் செய்கிறார், மகன் அருகிருந்து பார்க்கிறான், தாய் அடுக்களையிலே இருக்கிறாள், மகள் உதவுகிறாள். ஓவியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், உழவுக் கூலியின் வீட்டிலே பகலில் இருப்பவர் யார்? அவனும் வயலிலே, அவளும் வயலிலே. மூன்று மணி நேரத்திற்குப் பின் திரும்பும் பிள்ளை பூட்டிய கதவைத்தான் பார்க்கும். அல்லது, பண்ணையாரின் மாட்டைப் பார்க்கும்! ஏரும் நிலமும் சொந்தமில்லாதவன் மகனுக்குக் கற்பிக்கக்கூடிய குலத்தொழில் என்ன? குனிவது. அதைக் கற்க நாளொன்றுக்கு அரைப்பொழுது எதற்கு?

மகளின் நிலையோ இன்னும் கொடிது. வீட்டு வேலை செய்யாத ஏழைச் சிறுமி எந்தக் காலத்திலே இருந்தாள்? பள்ளி நேரம் ஒன்றுதான் அவள் இடுப்பிலிருந்து தம்பியை இறக்கி வைத்தது. அந்த நேரத்தையும் பாதியாக்கி, இது கல்வி என்று பெயரும் சூட்டினார்கள்.

நாடு கொதித்தது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்திலே ஒரு முனை இத்திட்டத்தை எதிர்த்தே அமைந்தது. திராவிடர் கழகமோ ஊரூராய்ச் சென்று பெற்றோரைத் திரட்டிற்று. சட்டமன்றத்திலே அம்மாதக் கடைசியில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானம் வந்தபோது இருபுறமும் 138 வாக்குகள்! அவைத்தலைவரின் வாக்கால் தீர்மானம் தோற்றது. ஆனால் திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு ஆராயட்டும் என்ற தீர்மானம் 139க்கு 137 என்று வென்றது. பாருலேகர் குழு அமைந்தது. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் இறங்க, காமராசர் ஏறினார். மே 18ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது என்ற அறிவிப்பு வந்தது. ஓராண்டுகூட நிறையவில்லை.

வீழ்ந்ததைப் பற்றி எழுதினோர் மிகுதி. வீழ்ந்ததோடு தாயின் சிக்கல் தீர்ந்ததா என்று கேட்டோர் குறைவு. ஐந்து மணி நேரப் பள்ளி திரும்பி வந்தது. நடுவிலே நண்பகலும் திரும்பி வந்தது. பசியும் கூடவே வந்தது. அதைக் கண்டவர் காமராசர். ஊரார் தந்த நெல்லையும் பருப்பையும் கொண்டு தொடங்கி, 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் திறந்து வைத்தார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் அதை நடத்திக் காட்டினார். 1920இன் ஓரணாச் சோறு முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மாநிலமெங்கும் வேகத் தொடங்கிற்று.

சீருடையும் வந்தது. ஏழை, செல்வர் வேற்றுமை வகுப்பறையிலே தெரியாமற் போயிற்று, வரவேற்கத்தக்கதே. ஒன்றை மட்டும் நகைச்சுவையாகக் குறித்துவைப்போம்: இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை இரவிலே துவைத்து, விடிவதற்குள் உலர்த்தி, மறுநாள் மீண்டும் மாட்டிவிட்டவர் யார்? சமத்துவத்தின் சலவைக்கூலி யார் கணக்கிலே விழுந்தது?

1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. சோற்றைப் பற்றி எல்லோரும் பேசுவர். நாம் வேறொன்றைச் சொல்வோம். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அத்திட்டத்திலே மையம் உண்டு. அக்காளின் இடுப்பிலே இருந்த குழந்தைக்குச் சென்றிருக்க ஓர் இடம் கிடைத்தது! அக்காள் பள்ளிக்குப் போக வழி திறந்தது. சமையலுக்கும் பொறுப்புக்கும் கைம்பெண்களும் ஆதரவற்ற பெண்களும் முன்னுரிமையோடு அமர்த்தப்பட்டனர். வீட்டிலே கூலியின்றிச் செய்த வேலைக்கு வெளியிலே கூலி என்று ஒன்று வந்தது, சிறு கூலிதான்.

2022 செப்டம்பர் 15, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாள். மதுரையிலே மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டிலே அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. நண்பகலை விடுவித்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து விடியலைத் தொட்டிருக்கிறோம்! நம் பள்ளியருகே வாழும் தாயொருத்தியைக் கேட்டோம், இதனால் என்ன மாறிற்று என்று. "காலையில முக்கால் மணி நேரம் மிச்சம், அந்த நேரத்துல உக்காந்து சாப்பிடறேன்" என்றார். மூன்று பிள்ளைகளின் தாய், உட்கார்ந்து சாப்பிடுவதைச் செய்திபோலச் சொல்கிறார்!

ஆக, நகராட்சி ஒரு நாழிகையைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டது. மாநில அரசு மேலும் சில வாங்கிக்கொண்டது. வீட்டுக்குள்ளே இருக்கும் ஆடவர் எத்தனை வாங்கிக்கொண்டார்? நடுவண் அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு விடை தருகிறது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண், இந்திய அளவில் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம். ஈடுபடும் ஆணோ 97 நிமிடம். கவனிக்க: ஈடுபடும் ஆண்! நூற்றுக்கு இருபத்தாறு ஆடவரே அந்த வேலையைத் தொடுகின்றனர். ஏனையோர் கணக்கிலேயே வரவில்லை.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்கு நிகரான சொத்துரிமையும் தொழிலுரிமையும் பெண்ணுக்கு வேண்டுமென்று முழங்கிற்று. சொத்துரிமை 1989இல் தமிழ்நாட்டிலே சட்டமாயிற்று, கலைஞர் ஆட்சியிலே. தொழிலுக்கும் பெண்கள் வந்துவிட்டனர். அடுப்படிக்கு ஆண்கள் வரவில்லை. மேடையிலே பெண் விடுதலை பேசி, நள்ளிரவிலே வீடு திரும்பி, மூடி வைத்த சோற்றைத் திறந்து உண்ணும் தோழர்களை நாம் அறிவோம். நம்மையும் அறிவோம். நம் சட்டையை நம் அன்னையார் துவைத்த காலம் தொலைவிலே இல்லை.

இதற்கிடையே பிள்ளைகளின் பொழுதோ பெருகிக்கொண்டே போகிறது. எட்டாம் வகுப்பானால் சிறப்பு வகுப்பு. பத்தாம் வகுப்பானால் காலையும் மாலையும் தேர்வு. ஒருவனுக்கு விளையாட்டுப் போட்டி, ஒருத்திக்கு ஓவியம், மற்றொருவனுக்குச் செயல்திட்டத்துக்கு வண்ணத்தாள், அதுவும் இரவு ஒன்பது மணிக்கு நினைவுக்கு வரும்! ஒப்புக்கொள்கிறோம், அந்த வண்ணத்தாளைக் கேட்பவர் நாம்தாம். கேட்கும்போது அதை வாங்க யார் கடைக்கு நடப்பார் என்று எண்ணியதில்லை.

இவ்வாண்டு பெற்றோர் கூட்டத்தை மாலை ஆறரை மணிக்கு மாற்றினோம். தலைமையாசிரியர் முதலிலே தயங்கினார். பிறகு விளக்கைப் போட்டுவைக்க இசைந்தார். வந்தவர் முப்பத்தொரு பேர். தாய்மார் இருபத்தேழு, தந்தையர் நால்வர். வேலையிலிருந்து நேரே வந்தவர் பலர். ஒருத்தியின் புடவையிலே சிமெண்டுத் தூள் இருந்தது. மகள் கணக்கிலே எங்கே இடறுகிறாள் என்பதை அவர் நமக்கே எடுத்துச் சொன்னார். பழைய பதிவேட்டைத் திறந்து, சென்ற ஆண்டு எழுதிய வரியை அடித்து, "கூட்டம் வைத்த நேரம் தவறு" என்று பக்கத்திலே எழுதினோம்.

மணி எட்டை நெருங்கியதும் தாய்மார் ஒவ்வொருவராக எழுந்தனர். இரவு அடுப்பு காத்திருந்தது. தந்தையர் நால்வரும் சற்று நேரம் நின்று பேசினர். அவர்களுள் ஒருவர், நன்கு பழகியவர், கூச்சத்தோடு நம்மை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "எம்பொண்ணு ஏழாவதா, எட்டாவதா, சார்?"