மணி கட்டிய பை

1585 ஜூலையில் லண்டன் நகர நீதி அதிகாரி வில்லியம் ஃபிளீட்வுட், எலிசபெத் அரசியின் முதன்மை ஆலோசகர் பர்லி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பில்லிங்ஸ்கேட் படித்துறைப் பக்கம் ஒரு மதுக்கடையில் நடந்துவந்த பள்ளியைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. ஒருகாலத்தில் நல்ல பெயரோடு வணிகம் செய்து, பிறகு நொடித்துப்போன வாட்டன் என்பவர் அதை நடத்தினார். சிறுவர்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்தது களவு. பயிற்சிக்காக இரண்டு பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்று உடையில் வைத்துத் தைக்கும் ஜேபி. அதற்குள் கணக்குப் பார்க்கும் வில்லைகள். மற்றது பணப்பை, அதற்குள் வெள்ளிக்காசு. வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சின்ன மணிகளைச் சுற்றிலும் கோத்து, மேலே ஒரு பூசைமணியையும் மாட்டியிருந்தார்கள். ஒரு மணியும் சிணுங்காமல் வில்லையை எடுக்கிற பையனுக்கு ஒரு பட்டம், காசை எடுக்கிறவனுக்கு வேறொரு பட்டம். களவைத் தடுக்கும் பையின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான விடை எனக்குக் கிடைக்கவில்லை. இன்று மடிக்கணினிப் பையில் ‘திருட முடியாதது’ என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். எந்தத் திருடன், எந்தக் கருவியோடு, எத்தனை நேரத்தில், எவ்வளவு சத்தம் எழுப்பி என்ற விவரம் சேராதவரை அந்தச் சீட்டுக்குப் பொருள் கிடையாது. அந்த விவரங்களைக் கேட்கப் பழகியது எப்படி என்பதைத்தான் லண்டனின் நானூறு ஆண்டு வரலாறு காட்டுகிறது.

வாட்டன் ஏன் இரண்டு பைகளைத் தொங்கவிட்டார்? அந்தக் காலத்து லண்டனில் பணம் இரண்டு விதமாக உடம்பில் இருந்தது. பழைய வழக்கம், இடுப்புக் கச்சையில் வாரால் தொங்கும் தோல்பை. அதற்குக் கத்தி போதும். வாரையோ பையின் அடியையோ அறுத்துவிடலாம். புது வழக்கம், உடைக்குள்ளேயே தைத்த ஜேபி. அதை அறுத்தால் துணி இழுபடும், உடம்பு உணர்ந்துவிடும். ஆகவே அங்கே கத்தியை விட்டு விரலை நம்ப வேண்டியிருந்தது. 1591, 1592 ஆண்டுகளில் லண்டன் ஏமாற்றுக்காரர்களைப் பற்றிச் சிறுநூல்கள் வெளியிட்ட ராபர்ட் கிரீன், இந்த இரு சாராரையும் பிரித்தே காட்டுகிறார். கத்திக்காரன் கட்டைவிரலில் கொம்புக் கவசம் மாட்டிக்கொண்டு வேலை செய்தான். விரல்காரனோ தன்னை உயர்ந்த படியில் வைத்துக்கொண்டு, அறுப்பவன் என்று பெயர் வந்துவிடும் என்பதற்காகச் சாப்பாட்டுக் கத்தியைக்கூட வைத்துக்கொள்ள மறுத்தான் என்கிறார். பையின் வடிவம் மாறியபோது திருடன் ஓய்ந்துவிடவில்லை, கைத்திறனை மாற்றிக்கொண்டான். ஆகவே துணிக்குள் எஃகுக் கம்பி வலை பின்னிய பையைக் காட்டி ‘அறுக்க முடியாது’ என்று ஒருவர் சொன்னால், அது கத்திக்காரனுக்கு மட்டுமே பதில். விரல்காரனுக்கு என்ன பதில் என்று உடனே கேட்டாக வேண்டும்.

பையை நம்புவானேன், கடுமையான தண்டனை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கிலாந்து அதையும் பார்த்துவிட்டது. 1565இல் வந்த சட்டத்தின்படி, ஒருவர் உடம்பிலிருந்து அவர் அறியாமல் 12 பென்னிக்கு மேல் பெறுமானமுள்ள பொருளை எடுத்தால் தூக்கு. நடந்தது என்னவென்றால், ஓர் உயிரைப் பறிக்க மனம் ஒப்பாத ஜூரிகள் களவுபோன பொருளின் விலையை வேண்டுமென்றே குறைத்து எழுதினார்கள். 1808இல் சட்டச் சீர்திருத்தவாதி சாமுவேல் ரோமிலியின் முயற்சியால் அந்தத் தூக்குத் தண்டனை நீக்கப்பட்டது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சட்டப் புத்தகத்தில் தூக்குக் கயிறு தொங்கியும் ஜேப்படி அற்றுப்போகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்களைக் காத்த அளவு காத்தது அவர்களுடைய உடைதான். இடுப்பில் நாடா கட்டி, பாவாடைக்கு அடியில் தொங்கவிட்ட பெரிய துணிப்பை. மேல்பாவாடையின் பக்கத்தில் விட்டிருக்கும் பிளவு வழியே கைவிட்டால்தான் எட்டும். அதையும் நாடாவை அறுத்துக் கொண்டுபோனவர்கள் உண்டு. ஆனாலும் கச்சையில் வெளிப்படையாகத் தொங்கிய பையைவிட அது எட்டாத இடத்தில் இருந்தது. 1790களில் உடம்போடு ஒட்டிய மெல்லிய கவுன் வந்ததும் அந்தப் பெரிய பைக்கு உள்ளே இடமில்லாமல் போய், கையில் கயிற்றோடு தொங்கும் சிறுபை வந்தது. அழகுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்த பேரம் அது. இன்றைய பையிலும் அந்தப் பேரம் நடக்கிறது, வாங்குபவருக்குச் சொல்லப்படுவதில்லை, அவ்வளவுதான்.

இனிப் பூட்டு. 1790 முதல் பிக்கடிலியில் ஜோசப் பிராமாவின் கடை ஜன்னலில் ஒரு பூட்டு இருந்தது. சாவியில்லாமல் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி, அதாவது 210 பவுண்டு, பரிசு என்று அதன்மேல் எழுதியிருந்தது. அறுபது ஆண்டு யாரும் வெல்லவில்லை. 1851இல் லண்டன் உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், 16 நாளில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். அதற்கு முன்பே ஜெரமயா சப் 1818இல் உரிமம் பெற்ற புகழ்பெற்ற பூட்டு ஹாப்ஸ் கையில் 25 நிமிடத்தில் திறந்துகொண்டது. சப் பூட்டில் ஒரு நுட்பம் உண்டு: யாராவது கள்ளத்தனமாக நெம்பினால் உள்ளே ஒரு பாகம் இறுகிக்கொள்ளும், உரியவர் அடுத்து சாவி போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வாட்டனின் மணியைப் பூட்டுக்குள் வைத்ததுபோன்ற யோசனை இது. அது தோற்றது என்பதற்காக யோசனை தவறாகிவிடாது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழுந்தன; இரண்டும் இன்றும் கேட்கின்றன. பூட்டின் பலவீனத்தை ஊரறியச் சொன்னால் திருடனுக்குப் பாடம் எடுத்ததாகாதா என்பது முதலாவது. ஹாப்ஸின் குறிப்புகளைக் கொண்டு 1853இல் வெளிவந்த பூட்டு நூல் இதற்கு நேராகவே பதில் சொன்னது: தொழில்திருடர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாமலிருப்பது வாங்குபவர்களுக்குத்தான். இரண்டாவது மறுப்பு கனமானது. 51 மணி நேரம் உட்கார ஹாப்ஸுக்கு அனுமதி கிடைத்தது. தெருத்திருடனுக்கு யார் தருவார்கள்? சரிதான். அதனால்தான் ‘திறக்குமா, திறக்காதா’ என்ற கேள்வியை விட்டு ‘எத்தனை நிமிடம்’ என்ற கேள்விக்குப் போக வேண்டும். இரும்புப் பெட்டி செய்பவர்கள் ஏற்கெனவே அந்தக் கேள்விக்குப் போய்விட்டார்கள். அமெரிக்காவின் யுஎல் தரச்சான்றில் டிஎல்-15, டிஎல்-30 என்பவை, கருவிகளோடு தாக்கும் கைதேர்ந்தவர்களைப் பெட்டி 15 நிமிடம், 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கின்றன. பிராமாவின் பூட்டு 51 மணி நேரம் தாங்கியது தோல்வி என்று நான் எண்ணவில்லை, அது ஓர் அளவு.

இந்த அளவுகோலோடு மடிக்கணினிப் பையைப் பார்த்தால் நாம் எதைத் தேட வேண்டும் என்பது தெளிகிறது. முதலில் ஜிப். கம்பிச்சுருள்போல் பிளாஸ்டிக் இழை சுற்றிய ஜிப்பை, பால்பாயிண்ட் பேனாவின் முனையைக் குத்தியே பிரித்துவிடலாம். பூட்டு தொங்கிக்கொண்டேயிருக்கும், பிறகு இழுப்பானை இப்படியும் அப்படியும் ஓட்டினால் ஜிப் பழையபடி மூடிக்கொள்ளும். கைவைத்த தடயமே இருக்காது. சப் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். தனித்தனிப் பற்கள் கொண்ட உலோக ஜிப் இந்த வித்தைக்கு இவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. அடுத்து பூட்டு. அமெரிக்க விமான நிலையச் சோதகர்கள் திறப்பதற்கென்று வந்த டிஎஸ்ஏ பூட்டுகளின் பொதுச்சாவிப் படம் 2014இல் ஒரு நாளிதழில் வெளியானது. 2015இல் படங்களைப் பார்த்தே அந்தச் சாவிகளை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட பூட்டைப் பைக்கு நகையாகக் கொள்ளலாம், காவலாகக் கொள்ள முடியாது.

கம்பி வலையைவிட நான் உயர்வாக மதிப்பது, ஜிப்பை முதுகுப்பக்கம் வைத்துத் தைத்த வடிவமைப்பை. நெரிசலான ரயிலில் முதுகுக்கும் பைக்கும் நடுவே விரலை நுழைக்கிறவன், அணிந்திருப்பவரின் தோலைத் தொட்டாக வேண்டும். அங்கே மணி அவர் உடம்புதான். பாவாடைக்குள் தொங்கிய பையின் அறிவு இது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பையைக் கழற்றி நாற்காலிக்கு அருகே வைத்த கணமே அந்த மணி அவிழ்ந்துவிடுகிறது. அப்போது எதிரில் இருப்பது அறுப்பவனோ துழாவுபவனோ அல்ல, பையையே தூக்கிக்கொண்டு நடப்பவன். அவனுக்குப் பதில் தோள்பட்டை வாரில் இருக்க வேண்டும்: கழற்றி மேசைக்காலில் சுற்றிக் கொக்கி போட முடிகிறதா, வாருக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறதா, அந்தக் கம்பி பையின் துணியோடு நிற்காமல் உள்சட்டம் வரை பிணைந்திருக்கிறதா. கடையில் வாரை இரு கையாலும் பற்றி இழுத்து, தையல் எங்கே முடிகிறது என்று உள்பக்கம் தடவிப் பார்த்தால் இதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.