யொயோகிப் பூங்காவின் கிழட்டு றொக்கர்கள்

ரோக்கியோவுக்குச் சுற்றுலாப் போய்வருகிறவர்களின் புகைப்படங்களில் அநேகமாக இந்தக் காட்சியும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, ஹரஜுக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், யொயோகிப் பூங்காவின் வாசல். ஐம்பது அறுபது வயது ஆண்கள் கொஞ்சப்பேர் வட்டமாக நின்று ஆடுவார்கள். கறுப்புத் தோல் ஜாக்கெற், காலோடு ஒட்டின ஜீன்ஸ், இடுப்பில் சங்கிலி. நெற்றிக்கு மேலே எண்ணெய் போட்டுத் தூக்கி வாரிய தலைமயிர். ஒலிபெருக்கியில் பழைய அமெரிக்க றொக்கபிலி. படத்துக்குக் கீழே எழுதப்படும் வசனமும் ஏறக்குறைய ஒன்றுதான்: யப்பானியருக்கு அமெரிக்கப் பைத்தியம், கிழட்டு வயதில் எல்விஸ் வேடம்.

இந்த வசனம் எனக்குப் பிடிப்பதில்லை. அது பிழையும்கூட. எல்விஸ் ஒரு நாளும் யப்பானுக்கு வந்து பாடியவரில்லை. அமெரிக்காவுக்கு வெளியே அவர் மேடையேறியது கனடாவில் மட்டும், அதுவும் 1957 இல். இந்த மனிதர்களில் பெரும்பாலானோர் எல்விஸ் புகழ் பெற்றபோது பிறந்திருக்கவே இல்லை. அப்படியென்றால் இவர்கள் எதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்று பூங்காவாக இருக்கும் இடம் போருக்கு முன்னர் யப்பானிய ஏகாதிபத்தியப் படையின் அணிவகுப்பு மைதானம். 1910 இல் யப்பானின் முதலாவது விமானம் பறந்தது அங்கேதான். 1945 இல் யப்பான் சரணடைந்தபின் அமெரிக்க இராணுவம் அதை எடுத்துத் தனது அதிகாரிகளின் குடும்பங்களுக்கு வீடு கட்டியது. மொத்தம் 827 வீடுகள். வாஷிங்டன் ஹைற்ஸ் என்று பெயர். எரிந்து கிடந்த நகரத்தின் நடுவே புல்தரையும் பள்ளிக்கூடமும் தேவாலயமும் உள்ள ஒரு முழு அமெரிக்கக் கிராமம்! வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தவர்கள் பசியோடிருந்த யப்பானியர். ஹரஜுக்குவில் அமெரிக்கக் குடும்பங்களுக்காகத் திறந்த கடைகளில் இருந்துதான் அந்தப் பகுதியின் 'நாகரிகம்' தொடங்கியது. 1964 ஒலிம்பிக்கின்போது அந்த இடம் வீரர்களின் குடியிருப்பானது. 1967 இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள்.

ஆக, றொக் அன்ட் றோல் அங்கே வந்தது ஆக்கிரமிப்புப் படையின் முகாம்களுக்கூடாக. முகாம்களில் சிப்பாய்களுக்கு வாசித்துப் பிழைத்த யப்பானிய வாத்தியக்காரர் பலர். படையினரின் வானொலி யப்பானியர் வீடுகளிலும் கேட்டது. 1958 பெப்ரவரியில் ரோக்கியோவின் நிச்சிகெக்கி அரங்கில் 'வெஸ்ரேர்ண் கார்னிவல்' என்ற நிகழ்ச்சி நடந்தபோது ஒரே கிழமையில் 45,000 பேர் வந்தார்கள். ஹிராவோ மசாக்கி, மிக்கி கேர்ற்றிஸ், யமஷிற்றா கெய்ஜிரோ ஆகிய மூவரும் மேடையில் உருண்டு புரண்டு பாட, இளம்பெண்கள் கடதாசி நாடாக்களை எறிந்து கத்தினார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் முகஞ்சுழித்தார்கள். அந்த அலை சில வருடங்களில் ஓய்ந்தது. பாடகர்கள் மெல்லிசைக்கும் சினிமாவுக்கும் போனார்கள்.

இன்று பூங்காவில் ஆடுகிறவர்கள் இந்த அலையின் ஆட்கள் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். இவர்களுடைய வேர் 1970களில் இருக்கிறது. அந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமானவர் யசாவா எய்க்கிச்சி. 1949 இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். தகப்பன் அணுகுண்டின் பின்விளைவால் இறந்துபோனார். வறுமையில் பாட்டியிடம் வளர்ந்து, 1968 இல் இரவு ரயில் ஏறி வந்து யொகஹாமாவில் இறங்கினார். 1972 இல் 'கரோல்' என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். அமெரிக்கா போட்ட குண்டில் தகப்பனைப் பறிகொடுத்த பெடியன், அமெரிக்காவின் தெருப்பெடியள் மாதிரித் தலையை வாரித் தோல் ஜாக்கெற்றோடு மேடையில் நிற்கிறான். முதல் இசைத்தட்டின் பெயரே 'லூசியானா'. இதை அடிமைப் புத்தி என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், எங்கள் ஆட்களில் அப்படிச் சொல்லக்கூடிய பலரை எனக்குத் தெரியும். ஆனால் கரோலின் தோல் உடுப்பு நேரே அமெரிக்காவில் இருந்து வந்ததல்ல. ஹம்பேர்க் நகரத்து மதுச்சாலைகளில் வாசித்துத் திரிந்த காலத்து பீற்றில்ஸின் உடுப்பு அது. அமெரிக்காவைப் பார்த்து லிவர்ப்பூல் பெடியள் செய்ததைப் பார்த்து யப்பானியர் செய்தது. கைமாறிக் கைமாறி வந்த சாமானில் முதலாவது சொந்தக்காரன் யார் என்று கேட்டு என்ன பயன்?

1975 ஏப்ரலில் கரோலின் கடைசிக் கச்சேரி ஹிபியா திறந்தவெளி அரங்கில் நடந்தது. மேடை தீப்பிடித்தது. அன்று பாதுகாப்புக்கு நின்றவர்கள் ஹரஜுக்குவின் மோட்டார் சைக்கிள் கோஷ்டியான 'கூல்ஸ்'. பிறகு அவர்களே ஓர் இசைக்குழுவானார்கள். அடுத்த வருடம் யமசாக்கி மசயுக்கி என்பவர் ஹரஜுக்குவில் 'கிரீம் சோடா' என்ற கடையைத் திறந்தார். ஹொக்கைடோவின் நிலக்கரிச் சுரங்க ஊரொன்றில் இருந்து வந்தவர். லண்டன் ரெடி போய்ஸின் உடுப்புகளில் மயங்கி, பழைய ஐம்பதுகளின் உடுப்புகளைக் கொண்டுவந்து விற்றார். பிறகு மண்டையோட்டுச் சின்னமும் சிறுத்தைப் புள்ளியும் போட்டுத் தானே உடுப்பு, பணப்பை எல்லாம் தயாரித்தார். 1982 இல் 'பிங்க் டிராகன்' என்று சொந்தக் கட்டடமே எழும்பியது. அவர் 2013 இல் காலமானார்.

அந்தத் தலைமயிருக்கு யப்பானில் 'றீசென்ற்' என்று பெயர். லண்டன் றீஜென்ற் வீதியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பள்ளிக்கூடங்களில் அது தடை. அந்தத் தலையோடு திரிந்தவன் காவாலி, படிக்காதவன், அவ்வளவுதான் கணிப்பு. பல்கலைக்கழகப் பெடியள் அமெரிக்கக் கல்லூரி மாணவர் மாதிரி நேர்த்தியாக உடுத்தியபோது அதை எவரும் காவாலித்தனம் என்று சொல்லவில்லை. இரண்டுமே அமெரிக்கப் பிரதிதான். ஒன்று மேசைக்காரரின் பிரதி, மற்றது கராஜ்காரரின் பிரதி.

1977 இல் ஹரஜுக்குவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீதியை வாகனங்களுக்கு மூடி நடப்பவர்களுக்கு விட்டார்கள். 'ஹொக்கோதென்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள், பாதசாரிகளின் சொர்க்கம் என்று பொருள். எல்லாம் இங்கேதான் நடந்தது. கசெற் பெட்டியைத் தரையில் வைத்துச் சுற்றிவர ஆடினார்கள். ஒரு பக்கம் பளிச்சென்ற தொளதொள உடுப்போடு டிஸ்கோ ஆடிய 'தக்கெனோக்கோ' கூட்டம். இன்னொரு பக்கம் கறுப்பு உடுப்புக்காரர், அவர்களை 'றோலர்' கூட்டம் என்றார்கள். வட்டப் பாவாடையும் குதிரைவால் முடியுமாகப் பெட்டைகளும் வந்தார்கள். ஜேர்மன் இயக்குநர் விம் வென்டர்ஸ் 1983 இல் ரோக்கியோவில் படம்பிடித்து 1985 இல் வெளியிட்ட 'ரோக்கியோ கா' என்ற விவரணப்படத்தில் இந்தப் பெடியளைப் பார்க்கலாம். இருபது வயதுகூட இராது.

நான் வேலை செய்யும் உணவகத்தின் மூத்த சமையற்காரர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இந்த விடயத்தில் எனக்கு ஆர்வம் வந்ததே அவரால்தான். சைத்தாமாவில் இருந்து உடுப்பைப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து நிலையத்துக் கழிவறையில் மாற்றுவாராம். கிழமை முழுக்கப் பட்டறையில் ஏச்சு வாங்குகிற பெடியனைச் சனம் வட்டம் கட்டி நின்று பார்க்கிற ஒரே நாள் ஞாயிறு. தலை இப்போது முன்பக்கம் வெளித்துவிட்டது. இருக்கிற மயிரை இன்றும் மேலே தூக்கி வாரித்தான் குசினித் தொப்பியைப் போடுவார். அவரிடம் எல்விஸின் ஊர் பற்றிக் கேட்டால் ஒன்றும் தெரியாது. எந்தக் கோஷ்டி எந்த மரத்துக்குக் கீழே நின்றது என்று கேட்டால் கைதுடைக்கும் கடதாசியில் வரைந்தே காட்டுவார்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. இவர்கள் காத்து வைத்திருப்பது 1950களின் மெம்பிஸ் நகரத்தை அல்ல. 1980 இன் ஹரஜுக்கு வீதியை. அந்த ஆட்டமும் மெம்பிஸிலிருந்து வந்ததல்ல. ட்விஸ்ற்றையும் வேறு பலதையும் கலந்து, முழங்காலை மடித்துத் தரையோடு தரையாகப் போய் எழும்பும் அந்த அசைவுகளை அவர்கள் தார் வீதியிலேயே உண்டாக்கினார்கள். லா சப்பலில் எண்பதுகளின் கமல் மாதிரிக் கிருதா வைத்து, டை அடித்துத் திரியும் எங்கள் அண்ணைமாரைப் பார்த்து நாங்கள் சிரிப்போமே, அவர்களும் கமலையா காத்து வைத்திருக்கிறார்கள்? யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டர் வாசலை அல்லவா!

வீதி நிலைக்கவில்லை. எண்பதுகளின் இறுதியில் இசைக்குழுக்கள் பெருகிச் சத்தமும் கூட்டமும் குப்பையும் கூடின. குடியிருப்பவர்கள் முறையிட்டார்கள். 1998 இல் ஹொக்கோதென்னை நிறுத்தி வீதியை மீண்டும் வாகனங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலானோர் கலியாணம், பிள்ளை, வேலை என்று போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் சில அடி தள்ளிப் பூங்கா வாசலுக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

இதே காலத்தில் எல்விஸுக்கு வேறொரு மரியாதையும் கிடைத்தது. 2001 இல் பிரதமரான கொய்சுமி ஜுனிச்சிரோ தனக்குப் பிடித்த எல்விஸ் பாட்டுகளைத் தொகுத்து இசைத்தட்டு வெளியிட்டார். 2006 இல் ஜோர்ஜ் புஷ்ஷோடு எல்விஸின் வீட்டுக்கே போய் ஆடிக்காட்டினார். பிரதமர் ஆடினால் இராஜதந்திரம். ஹரஜுக்குவில் இரசிகர்கள் 1987 இல் நிறுத்திய எல்விஸ் சிலையோ 2009 இல் கோபே நகரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 1924 இல் கட்டிய பழைய மர ரயில் நிலையத்தையும் 2020 இல் கழற்றிவிட்டார்கள். பூங்கா வாசல் ஆட்கள் மட்டும் அதே இடத்தில்.

படங்களைப் பார்க்கும்போது தலையைப் பார்த்தது போதும், காலைப் பாருங்கள். சப்பாத்துகளின் முன்பக்கம் ஒட்டுநாடா சுற்றியிருக்கும், சிலருக்கு மொத்தமாக, பல அடுக்காக. முதலில் அதையும் ஒரு ஸ்ரைல் என்றே நினைத்தேன். சமையற்காரர் சிரித்தார். நுனிக்காலில் திருகித் திருகி ஆடினால் தார் தோலைத் தின்றுவிடும், சப்பாத்து விலை, ஆகவே கிழிய ஒட்டி, அது தேய மேலே இன்னொரு சுற்று. அவருடைய பழைய சோடி சைத்தாமாவில் தமக்கை வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறதாம், நாடாவோடேயே. தூக்கி எறியவேண்டாம் என்று வருடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.