வண்டி சுமந்த காற்று: ஏற்காட்டு ஜீப்பும் திருச்செங்கோட்டு ரிக்கும்

ஏற்காட்டு மலையில் ஜீப் ஓட்டும் ஆஃப்ரோடு ஆட்கள், தார் ரோடு முடிந்து எஸ்டேட் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி நாலு டயரிலும் காற்றை இறக்குவார்கள். 30 பிஎஸ்ஐ இருந்தது 18க்கு வரும். டயர் கொஞ்சம் சப்பையாகி, கல்லை மிதித்துத் தெறிக்காமல் அதை அணைத்துக்கொண்டு ஏறும். சேர்வராயன் மலை முழுக்க சார்னோக்கைட் பாறை. உடைத்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். விறைப்பான டயரை அது எளிதாகக் கிழித்துவிடும். (கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அவர் பேரையே பாறைக்கு வைத்துவிட்டார்கள்.)

இறக்குவது ரெண்டு நிமிஷ வேலை. திரும்ப ஏற்றுவதுதான் சிக்கல். 18 பிஎஸ்ஐயோடு சேலம் இறங்கும் ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் போனால், டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்று வரலாம். அதனால்தான் வண்டியிலேயே கம்ப்ரசர் வைத்துக்கொள்வது. நானும் என் ஜீப்பில் ஒன்று மாட்டினேன். மாட்டும்போது ஒரு கேள்வி வந்தது: நம்ம ஊர்ப் பக்கம் வண்டிகள் எப்போதிலிருந்து தன் காற்றைத் தானே சுமக்க ஆரம்பித்தன?

ஆஃப்ரோடு வட்டாரத்தில் கேட்டால் ஆஸ்திரேலியாவைக் கை காட்டுவார்கள். 1975ல் அந்தோனி ரொனால்டு பிரவுன் மெல்போர்னில் தொடங்கிய ஏஆர்பி கம்பெனி. (ஏஆர்பி என்பது அவர் பேரின் முதலெழுத்துகள்தான்.) காற்றால் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக்கை அவர்கள் விற்றார்கள். லாக்குக்குக் காற்று வேணும், காற்றுக்குக் கம்ப்ரசர் வேணும், அது இருந்தால் டயருக்கும் அடிச்சுக்கலாம். கதை சரிதான். ஆனா அது நடுவிலிருந்து ஆரம்பிக்கும் கதை.

காற்று டயருக்கு முதல் பேட்டன்ட் வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845ல். யாரும் கண்டுக்கல. 1888ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூணு சக்கர சைக்கிளுக்காக மறுபடி செய்தபோதுதான் அது பிடித்துக்கொண்டது. கார் வந்ததும் பஞ்சரும் கூடவே வந்தது. நாம் இன்னைக்கும் சொல்லும் 'ஸ்டெப்னி' அந்தக் காலத்துச் சொல். 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் செய்யப்பட்ட உபரிச் சக்கரத்தின் பேர் அது. இங்கிலாந்தில் மறைந்துபோய் நம்ம பஞ்சர் கடைகளில் உயிரோடு இருக்கிறது.

1910களிலேயே கேடிலாக் போன்ற அமெரிக்கக் கார்களில் இன்ஜினே ஓட்டும் டயர் பம்ப் இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் திருகும் பம்பும் விற்றது. இன்ஜினின் அழுத்தம் ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ள, அது வெளிக்காற்றை இழுத்து டயருக்கு அனுப்பும். ரெண்டாம் உலகப்போரில் வந்த டக் என்ற நீர்-நில லாரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஓடும் வண்டியின் டயர் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். கடற்கரை மணலில் இறக்கிவிட்டு, ரோடு வந்ததும் ஏற்றிக்கொள்வது. அதே போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கோ கிடைத்தது ஒரு கைப் பம்ப்தான்.

ஏற்காட்டுக்கு வருவோம். இணையத்தில் பாதிப் பக்கங்கள் 1842ல் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்கின்றன. மன்றோ 1827லேயே காலராவில் இறந்துவிட்டார். செத்துப் பதினஞ்சு வருஷம் கழித்து மலை ஏறியிருக்கிறார் போல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அங்கே காபி போட்டவர் என்பது மட்டும் நிற்கும் தகவல். தோட்டங்கள் வந்ததும் மலைச்சரிவுகளில் எஸ்டேட் பாதைகள் வந்தன. நடை, குதிரை, மாடு, டோலி என்று இருந்த அந்தப் பாதைகளில்தான் பிற்பாடு ஜீப் ஏறியது. 1940களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. ஜீப் வந்தது, காற்று வரவில்லை. பஞ்சர் கடைதான் கதி.

காற்றைச் சுமந்துகொண்டு மலை ஏறியது லாரி. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869ல் ரயிலுக்குச் செய்த ஏர் பிரேக் பிறகு லாரிக்கும் பஸ்ஸுக்கும் வந்தது. நம்ம பக்கம் 1962ல் சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன், பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் கூட்டோடு ஏர் பிரேக் சாமான்களைச் செய்ய ஆரம்பித்தது. ஏர் பிரேக் இருந்தால் இன்ஜினோடு ஒரு கம்ப்ரசரும், சேஸில் ஏர் டேங்கும் கட்டாயம். பல லாரிகளில் அந்த அமைப்பிலேயே டயருக்குக் காற்று எடுக்க ஒரு வாயும் உண்டு. ஹோஸ் ஒன்று இருந்தால் நடுக்காட்டிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். 1965ல் மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை தொடங்கியதும் சேர்வராயன் மலையிலிருந்து பாக்சைட் லாரிகள் இறங்க ஆரம்பித்தன. பாரத்தோடு இறங்கும் லாரி பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே வந்தால் டேங்கில் காற்று தீரும், டிரம்மும் சூடாகும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இதனால்தான். மலையில் வண்டி சுமக்கும் காற்று சொகுசுச் சாமான் இல்லை, உயிர்.

ஆனா என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது லாரி இல்லை, டிராக்டர். சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'கம்ப்ரசர் வண்டி' என்றால் புரியும். டிராக்டரில் கம்ப்ரசரை ஏற்றி, டிராக்டர் இன்ஜினாலேயே ஓட்டி, ஹோஸை கிணத்துக்குள் இறக்கி, ஜாக்ஹேமரால் பாறையில் குழி போடுவார்கள். பிறகு தோட்டா வைத்து வெடி. அதுக்கு முன்னாடி உளியும் சம்மட்டியுமாக நாள் முழுக்க ஆள் அடித்த குழியை, சுமார் 100 பிஎஸ்ஐ காற்று சில நிமிஷத்தில் போட்டது. ரோடே இல்லாத கரட்டுக் காட்டுக்குள் தோட்டத்துக்குத் தோட்டம் ஊர்ந்து போன அந்த டிராக்டரை விட அசல் ஆஃப்ரோடு கம்ப்ரசர் வண்டி எது? நாம யாரும் அதை அப்படி எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அந்தக் குழியில் நின்றவர் சுவாசித்தது பாறைத் தூள். தண்ணி ஊற்றாமல் காய்ந்த பாறையைக் குடைந்தால் வரும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். சிலிகோசிஸ் என்று அதற்குப் பேர்.

அடுத்த தலைமுறை திருச்செங்கோடு. போர்வெல் ரிக் என்றாலே இந்தியா முழுக்கத் தெரிந்த பேர். ஆப்பிரிக்கா வரைக்கும் போகிற வண்டிகள். லாரி சேஸில் பெரிய கம்ப்ரசர். காற்று ராடு வழியாக இறங்கி அடியில் இருக்கும் ஹேமரை அடிக்க வைக்கும், உடைந்த தூளை மேலே ஊதித் தள்ளும். 1100 சிஎஃப்எம், 300 பிஎஸ்ஐ எல்லாம் இந்தத் தொழிலில் சாதாரண எண்கள். 1100 சிஎஃப்எம் என்றால் நிமிஷத்துக்கு 31,000 லிட்டருக்கு மேல். ஜீப்பில் மாட்டும் சின்ன 12 வோல்ட் கம்ப்ரசர் 30 லிட்டர் தருகிறது என்று வைத்தால், ஆயிரம் மடங்கு. கம்ப்ரசர் செய்வதற்கும் தூரம் போக வேண்டாம், கோயம்புத்தூர் எல்ஜி 1960லிருந்து இருக்கிறது.

அந்தக் காற்று போன இடத்தில் தண்ணி கீழே போனது. 60 அடிக் கிணறு வற்றி, போர் 300 அடி, பிறகு 1000 அடி. தண்ணி குறைந்த போரில் மோட்டார் நிற்காது என்று மறுபடி கம்ப்ரசரையே மாட்டினார்கள். ஒல்லிக் குழாயில் காற்றை அடிக்கு அனுப்பினால், குமிழி கலந்த தண்ணி எடை குறைந்து தானாக மேலே வரும். தோட்டத்துக் கொட்டகையில் டொக் டொக் என்று ஓடும் அந்த கம்ப்ரசர், வெட்டவும் உதவியது, வெட்டியதில் மிச்சத்தை உறிஞ்சவும் உதவியது. ஏற்காட்டு வியூ பாயின்டில் நின்று கீழே தெரியும் சமவெளியைப் பார்க்கும்போது எனக்கு இப்போதெல்லாம் இந்தக் கணக்குதான் ஓடுகிறது.

ஜீப்புக்கு எது மாட்டலாம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்ம மெக்கானிக்குகள் பழைய ஏசி கம்ப்ரசரைக் காற்றுக்கு மாற்றுவார்கள். மலிவு, வேகமாகவும் அடிக்கும். ஆனா பெரும்பாலான கார் ஏசி கம்ப்ரசர்களுக்கு எண்ணெய் கேஸோடு கலந்து சுற்றி வரும். வெறும் காற்று இழுத்தால் எண்ணெய் திரும்பி வராது. தனி எண்ணெய்த் தொட்டி உள்ள பழைய யார்க் மாதிரி இருந்தால் தப்பிக்கும். இல்லாவிட்டால் லூப்ரிகேட்டர் மாட்டி, வெளியேறும் எண்ணெயைப் பிரிக்க ஒரு ஃபில்டரும் வைக்கணும். நான் 12 வோல்ட் ஆளு. டயர் ஒன்றுக்குக் கொள்ளளவு சுமார் 50 லிட்டர் என்று வைத்தால், 18லிருந்து 30க்கு ஏற்ற 40 லிட்டர் வெளிக்காற்று வேணும், நாலுக்கும் 160. பேப்பரில் ஐந்தரை நிமிஷத்துக்குள். மலையில் கூடவே ஆகும், ஏன்னா 1500 மீட்டரில் காற்று சேலத்தை விடச் சுமார் பத்து சதவீதம் லேசு, மோட்டாரும் சூடேறி நடுவில் ஓய்வு கேட்கும்.

இன்னொன்று. சேலத்தில் 32 வைத்து ஏறினால் ஏற்காட்டில் கேஜ் என்ன காட்டும்? வெளி அழுத்தம் குறைவதால் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ கூடணும். மேலே பத்து டிகிரி குளிர் என்றால் ஒன்றரை குறையணும். ரெண்டும் அடித்துக்கொண்டு கேஜ் ஏறக்குறைய அசையாது. ஆனா ஓட்டின சூட்டோடு பார்க்காதீங்க, டயர் ஆறட்டும். ஏர் டேங்க் வைத்திருந்தால் மழைக்காலத்தில் ஒவ்வொரு டிரிப்புக்குப் பிறகும் அடி வால்வைத் திறந்துவிடுங்க. ஏற்காட்டு மூடுபனி அத்தனையும் அதுக்குள்ள தண்ணியாக நிற்கும்.