சுமைதாங்கிக் கல்



நான் இளமையில் பள்ளிக்கு நடந்து சென்ற வழியில் ஒரு சுமைதாங்கி இருந்தது. நட்டு நிறுத்திய இரண்டு கற்களின்மேல் கிடத்திய ஒரு பலகைக்கல். உயரம் ஏறத்தாழ ஓர் ஆளின் தோளளவு. விறகுக்கட்டுச் சுமந்து வருவோர் பிறர் கைத்துணையின்றித் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறிச் செல்வர். அக்கல் அங்கு ஏன் நின்றது என்று நான் எண்ணியதில்லை. ஒருநாள் என் பாட்டியார் கூறினார்: "பிள்ளைத்தாய்ச்சியாகவே கண்மூடினவளுக்கு வைத்த கல்லப்பா அது!"

கருவுற்ற நிலையிலோ மகப்பேற்றிலோ இறந்த பெண்டிரின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழகத்தில் நெடுநாள் வழக்கம். சுமையை இறக்காமலே போனவள் பெயரால் வழிப்போக்கர் சுமையாவது இறங்கட்டும் என்பது முன்னோர் கருத்து. சில கற்களில் இறந்தவள் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. அவள் உயிரோடிருந்தபோது அவள் சுமையை இறக்கியவர் யார்?

கரு வளருந்தோறும் உடலின் எடை முன்னோக்கிச் சாய்கின்றது. அதனை ஈடுசெய்யத் தாய் பின்னோக்கி வளைந்து நிற்கின்றாள். இடுப்புத் தசைகள் களைக்கின்றன. மகப்பேற்றுக்கென உடல் சுரக்கும் நீர்கள் மூட்டுக்களின் கட்டையும் தளர்த்துகின்றன. முதுகுவலி இவ்வாறே பிறக்கின்றது. நெடுநேரம் நில்லாமை, பளு தூக்காமை, முதுகுக்குச் சாய்மானம், முழங்கால்களிடையே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவை வலியைத் தணிக்கும். வலி விட்டுவிட்டு எழுந்தாலோ, உதிரப்போக்கோ காய்ச்சலோ கண்டாலோ உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

இவ்வோய்வு அவளது உரிமை என்பதை நாடு மெல்லவே உணர்ந்தது. 1928ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் தொழிலாளப் பெண்டிருக்கான மகப்பேறு மசோதாவை டாக்டர் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார்; 1929இல் அது சட்டமாயிற்று. 1961ஆம் ஆண்டில் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. பேறுகாலம் நெருங்குகையில், கருவுற்றவள் வேண்டினால், கடும் பணியோ நெடுநேரம் நிற்கும் பணியோ அவளுக்குத் தரலாகாது என்று அது விதித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அவ்விதி உண்டு. ஆனால், வீட்டில் உழைப்பவளுக்கு அச்சட்டம் எட்டுவதில்லை.

அங்கே எட்ட வேண்டியவை உங்கள் கைகள். கருவுற்ற தமக்கையோ அண்ணியோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கண்டால், எழுந்து சென்று வாங்கிக்கொள்ளுங்கள். இறந்தபின் நாட்டும் கல்லினும் அஃது உயர்ந்த சுமைதாங்கி.